மூன்றாவதாய் மேலே வந்தவன்

ஜெரால்டு, உன் நைனா பேசுகிறேன். எழுதுவது உன் பெரியம்மா. கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், நீ ஹாஸ்டலில் இருந்தபோது உனக்கு வந்த கடிதமெல்லாம் இந்தக் கையெழுத்துதான். வேறு யாரையாவது வைத்து எழுதியிருக்கலாம். பக்கத்து வீட்டில் ரிட்டயர் ஆன கிளார்க் ஒருவர் இருக்கிறார், கூப்பிட்டால் வருவார். ஆனால் நான் சொல்லப்போவது உன் பெரியப்பாவைப் பற்றி. அதை அவர் பெண்சாதியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லையென்றால், உனக்குச் சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் அண்ணியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு சொல்கிறேன். "நீ சொல்லு தம்பி, நான் எழுதிக்கினே வரேன். நடுவுல அழுதேன்னா கண்டுக்காத, நீ பாட்டுக்குச் சொல்லிக்கினே போ" என்கிறார்கள்.

நீ அனுப்பிய தாள்கள் வந்தன. பெரியப்பாவின் வருட நினைவுப் பூசைக்கு ஒரு நினைவு மலர் போடுகிறாய், அவர் சொன்ன கதைகளையெல்லாம் சேர்த்து எழுதியிருக்கிறாய். அண்ணி முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை வாசித்துக் காட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் எனக்கென்று ஓர் இடம் விட்டு, மேலே 'தம்பியின் சாட்சி' என்று தலைப்பும் போட்டிருக்கிறாய். "நாலு வரி சொல்லி, அடியில கைநாட்டு வெச்சி அனுப்பு நைனா, அதை அப்படியே போட்டோ புடிச்சிப் போட்டுடறேன்" என்று போனில் சொன்னாய். அந்தக் கைநாட்டை நான் வைக்க மாட்டேன். ஏன் வைக்க மாட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அவருக்குச் சேரவேண்டியதை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். எங்கள் அப்பா போனபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. நெட்டுக்குப்பத்தில், எண்ணூர் கழிமுகத்துப் பக்கம் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு ராயபுரத்துக்கு வந்து மூட்டை தூக்கினார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு இளைப்பு. இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு விசில் அடிக்கும். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு எங்களைக் காப்பாற்றினார். அப்புறம் ஹார்பரில் பேர் பதிந்து, பித்தளை பேட்ஜ் வாங்கி, நிரந்தர ஆளானார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. அவர் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க உட்காருவார், நான் ஆற்றில் குதிக்க ஓடிவிடுவேன். அதற்காக அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. "உனக்கும் சேத்து நான் படிச்சிக்கறேன் போ" என்பார்.

பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி. சாயங்காலம் ஏழு மணி ஆனால் வீட்டில் ஜெபமாலை. மழை பெய்து வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றாலும் கட்டில்மேல் எல்லோரையும் ஏற்றி உட்காரவைத்து ஜெபமாலை சொல்வார். பெரிய வியாழக்கிழமை கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார் இல்லையா, அதில் வருஷம் தவறாமல் அண்ணன் ஒருவர். அதற்கு முன்னால் வீட்டிலேயே காலைக் கல்லில் தேய்த்துக் கழுவிக்கொண்டு போவார். "சாமியாரு கழுவத்தானே கூப்புடறாரு, நீ ஏன் கழுவிக்கினு போற?" என்று உங்கம்மா கேட்டாள். "ஆண்டவரு கைல அழுக்குக் காலக் குடுக்கச் சொல்றியாம்மா?" என்றார்.

கதையைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் மாடிப்படியில் படிக்கு நாலு பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பீர்கள். அந்தோணியார் மீன்களுக்குப் பிரசங்கம் செய்த கதையை எண்ணூர் கழிமுகத்துக்கே கொண்டுவந்துவிடுவார். "வஞ்சிரம், காலா எல்லாம் மொத வரிசை. பெரிய எடத்து ஆளுங்க. நெத்திலி எல்லாம் முன்னாடி வந்து முட்டி போட்டுக்கினு கீது." நீதான் கேட்டாய், "நெத்திலிக்கு ஏது பெரியப்பா முட்டி?" என்று. "பக்தி வந்தா முட்டி தன்னால வரும்டா, உங்க நைனாவுக்குத்தான் இன்னும் வரல" என்றார். படி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். இதையெல்லாம் மலரில் எழுதியிருக்கிறாய். அவ்வளவும் சத்தியம், ஒரு வார்த்தை எடுக்காதே.

ஆனால் ஏழாம் பக்கத்தில் ஹார்பர் கதையைப் போட்டிருக்கிறாய். அவர் கதைகளில் ராஜா அதுதான். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம், காதுகுத்து என்று எதுவானாலும் கடைசியில் அதைக் கேட்டுத்தான் ஜனம் எழுந்திருக்கும். கப்பல் கிடங்கில் காற்றில்லாமல் மூன்று பேர் மயங்கி விழுகிறார்கள். யாரும் இறங்கத் துணியவில்லை. பெரியப்பா கண்ணை மூடி மாதாவைக் கூப்பிடுகிறார். "அந்தப் பத்து நிமிசத்துக்கு மாதா என் இளைப்ப வாங்கி அவ மடில வெச்சிக்கினா. நெஞ்சு லேசாயிடுச்சி. எறங்கினேன்." மூன்று தடவை இறங்கி மூன்று பேரையும் தூக்கி வருகிறார். அதிகாரிகள் அவர் பேர் பொறித்த சுவர்க்கடிகாரம் கொடுக்கிறார்கள். அந்தக் கடிகாரம்தான் இப்போது அண்ணி தலைக்குமேல் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் சிரிப்புக்கு ஓர் இடம் உண்டு. "எல்லாரும் கேக்கறான், உன் தம்பி எங்கடான்னு. தம்பி எங்க? அவன் சாராயக்கடையில மல்லாந்துகினு கீறான்!" நீ அதை நல்ல தமிழில் எழுதியிருக்கிறாய். 'அன்று என் தந்தை குடித்துவிட்டுக் கிடந்தார். எங்கள் குடும்பத்தின் மானத்தைப் பெரியப்பாதான் காத்தார்' என்று.

அன்றைக்கு அண்ணன் ஹார்பரிலேயே இல்லை, ஜெரால்டு.

அவர் வேளாங்கண்ணிக்கு நடந்துகொண்டிருந்தார். இளைப்பு தீரவேண்டும் என்று நேர்ந்துகொண்டு வருஷா வருஷம் மாதா திருநாளுக்கு இங்கிருந்து நடந்தே போவார், அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அந்த நாட்களில் அவர் பேட்ஜில் யார் வேலை செய்தது என்பது. அத்தனை நாள் லீவு தரமாட்டார்கள். வராமல் நின்றால் பேரை வெட்டிவிடுவார்கள். எனக்கு நிரந்தர வேலை கிடையாது, கூப்பிட்டால்தான் வேலை. எங்கள் இருவருக்கும் ஒரே உயரம், ஒரே மூஞ்சி. அவர் சட்டையைப் போட்டு, அவர் பேட்ஜைக் குத்திக்கொண்டு காலையில் வரிசையில் போய் நிற்பேன். நம்பரைக் கூப்பிட்டால் கையைத் தூக்குவேன். அண்ணன் கேங்கு ஆட்களுக்கெல்லாம் தெரியும், யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அவர்களும் அண்ணன் தம்பி உள்ளவர்கள்தானே. அண்ணன் மாதாவிடம் போய்விட்டு வருவார், நான் அவராக இருந்துவிட்டு வருவேன். பல வருஷம் இப்படி நடந்தது.

அந்த வருஷம் நீ உங்கம்மா வயிற்றில் ஆறு மாதம். மரக்கட்டை ஏற்றி வந்த கப்பல். கிடங்கு நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. மூடிய கிடங்கில் பச்சை மரம் காற்றைக் குடித்துவிடும், அது வேலைசெய்கிற எங்களுக்குத் தெரியும், அவசரப்படுத்துகிறவனுக்குத் தெரியாது. மூடியைப் பாதி திறந்ததுமே கட்டைக்குக் கயிறு மாட்ட மூன்று பேரை இறக்கிவிட்டான் மேஸ்திரி. ஒருவன் பின் ஒருவனாக விழுந்தார்கள். மூன்றாவது ஆள் சவரி. நெட்டுக்குப்பத்தில் என்னோடு ஆற்றில் குதித்தவன், என் தோஸ்து. பாலத்துத் தூணுக்கடியில் மூச்சடக்கி முங்கி மட்டி எடுக்கிறதில் எங்கள் இரண்டு பேரையும் அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த மூச்சை நம்பித்தான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினேன். மாதாவைக் கூப்பிட்டேனா என்று கேட்டால், இல்லை. கூப்பிட வாய் திறந்தால் மூச்சு போய்விடும்.

ஏணிக்குக் கிட்டே கிடந்தவனை முதலில் கயிற்றுவலையில் உருட்டிப்போட்டு மேலே காட்டினேன், இழுத்துக்கொண்டார்கள். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினேன், இரண்டாவது ஆள். சவரி தள்ளி, கட்டைகளுக்கு அந்தப் பக்கம் கிடந்தான். முதல் தடவை நான் இறங்கியபோது அவன் கை அசைந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கிட்டே இருந்தவனைத் தூக்கினேன். ஒரே மூச்சில் அவனிடம் போய்த் திரும்ப முடியாது என்று கணக்குப் போட்டேன். மூன்றாவது தடவை போய் அவனை வலையில் போட்டபோது மேலே பாரம் தூக்கும் விஞ்சை ஓட்டுகிறவன் பயத்தில் சட்டென்று இழுத்துவிட்டான். என் இடது கட்டைவிரல் விஞ்சுக் கம்பிக்கும் இரும்பு விளிம்புக்கும் நடுவில் மாட்டிக் குறுக்கே பிளந்தது. சவரி மேலே வந்தான். மூச்சு இல்லை.

என் கட்டைவிரலுக்கு உங்கம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, போனால் என்ன பேர் சொல்வது? மற்ற இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஏட்டில் அண்ணன் பேர், அண்ணன் நம்பர். அவர் கொப்புளம் வந்த காலோடு திரும்பி வந்தபோது கடிகாரம் கொடுக்கக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். வேண்டாம் என்றால் விஷயம் வெளியே வரும், பேட்ஜ் போய்விடும், இரண்டு குடும்பமும் தெருவுக்கு வரும். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இன்னாடா பண்றது? போய் வாங்கிக்கறேன். ரிட்டயர் ஆன மறுநாளு கோயில் வாசல்ல நின்னு சொல்றேன், எறங்கினது என் தம்பின்னு. மாதா மேல ஆண." நான் சரி என்றேன். அவர் எனக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் அவருக்காக ஒரு கடிகாரத்தை விட்டேன். அதுவரைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

குடி அதற்கப்புறம் வந்தது. கண்ணை மூடினால் சவரியின் கை அசையும், குடித்தால் அசையாது. கதையில் குடி முன்னாடி வருகிறது, நடந்ததில் சவரி முன்னாடி, குடி பின்னாடி. குடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. உங்கம்மா பட்டதெல்லாம் என்னால் பட்டது. நீ உன் குடும்பத்தில் அதைக் கொண்டுவராமல் இருப்பதற்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் குடித்திருக்கவில்லை.

முதலில் யாராவது கேட்டால் அண்ணன் தலையைக் குனிந்துகொள்வார். அப்புறம் இரண்டு வார்த்தை சொன்னார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். ஜனம் கண் கலங்குவதைப் பார்த்தால் அண்ணனுக்குத் தாங்காது, இன்னும் கொஞ்சம் சொல்வார். மாதா மடி வந்தது. சாராயக்கடை வந்தது. ஒருநாள் பார்த்தால் சவரியும் பிழைத்துவிட்டான். படியிலிருந்து எல்லோரும் போன பிறகு கேட்டேன். "அவன் எங்க அண்ணே பொழைச்சான்?" "பசங்க அழுவுதுங்கடா. கதை கேக்க வந்த புள்ளைங்கள அழ வெச்சி அனுப்பச் சொல்றியா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஒரு திருநாளுக்கு சவரியின் பெண்சாதி வீட்டுக்கு வந்திருந்தாள். அன்றைக்கு எல்லோரும் ஹார்பர் கதை, ஹார்பர் கதை என்று கேட்டார்கள். அண்ணன் நெத்திலிக் கதையைச் சொன்னார். அப்படியென்றால் அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. அதை நான் மறக்கவில்லை.

ரிட்டயர் ஆனார். மறுநாள் கோயிலுக்குப் போனோம், வாசலில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. "பென்சன் பேப்பர் வரட்டும்டா" என்றார். வந்தது. "பொண்ணு கல்யாணம் முடியட்டும், சம்பந்தி வூட்டுல இன்னா நினைப்பாங்க" என்றார். முடிந்தது. அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். உங்கம்மா விடவில்லை. "ஊரு கிடக்குது. புள்ளைகிட்டயாவது சொல்லித் தொலைய்யா, அவன் உன்னப் பாக்கற பார்வ எனக்குத் தாங்கல" என்று சாகிறவரைக்கும் சொன்னாள். நான் சொல்லவில்லை. அண்ணன் வாயால் வரட்டும் என்று வீம்பு பிடித்தேன். அது என் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, சாராயக்கடை வரும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்தது. என் சிரிப்பைப் பார்த்துத்தானே நீ நம்பினாய்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. நீ நாலாவது படிக்கும்போது ரேங்க் கார்டில் கைநாட்டு வைத்துக்கொடுத்தேன். டீச்சர் அதைப் பார்த்து, குறுக்கே கோடு விழுந்திருக்கிறது, மை சரியாகப் படவில்லை, இன்னொரு தடவை வைத்து வாங்கிவா என்று திருப்பி அனுப்பினாள். நீ என்னிடம் வரவில்லை. நேரே பெரியப்பாவிடம் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாய். அந்த வருஷத்திலிருந்து எல்லாக் கார்டிலும் அவர் கையெழுத்துதான். அவர் கையெழுத்துப் போடுவதை நான் வாசல்படியில் நின்று பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து என்னைப் பார்ப்பார், பார்த்துவிட்டு அழகாகப் போடுவார். கோயிலில் வாசித்த உன் கல்யாண ஓலையிலும் தகப்பன் என்று என் பேர் இருந்தது, கல்யாணத்தன்று கோயிலுக்குள் உனக்கு முன்னால் நடந்து வந்தவர் அவர். நீ கேட்டுக்கொண்டாய், நான் விட்டுக்கொடுத்தேன். இந்த விரல் எப்படிப் பிளந்தது என்று இத்தனை வருஷத்தில் நீ ஒருதடவைகூடக் கேட்டதில்லை. அவர்மேல் எனக்கு இருக்கிற வருத்தத்தில் உனக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லாமல் விட்டால் இது பொய்க்கடிதம் ஆகிவிடும்.

கடைசியாகக் கேட்டது, அவர் படுக்கையில் விழுந்து, மூக்கில் குழாய் வைத்திருந்த நாட்களில். மத்தியானம். அண்ணி சமையலில் இருந்தார்கள். "அண்ணே, ஊருக்குச் சொல்ல வேணாம். ஜெரால்டு ஞாயித்துக்கிழம வரான். அவன் ஒருத்தன்கிட்ட மட்டும் சொல்லிடு" என்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் கையை எடுத்துத் தன் நெஞ்சுமேல் வைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் மெல்ல, குழாய்க்கு நடுவில் மூச்சு வாங்கி வாங்கி, கதையை ஆரம்பித்தார். மரக்கட்டைக் கப்பல். மூணு பேர். மாதா மடி. முழுசும் சொன்னார். முடித்துவிட்டு என் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே கேட்டார், "அன்னிக்கு நீ எங்கடா இருந்த?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அந்தக் கண்ணில் கள்ளம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

இந்த இடத்தில் அண்ணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். நானும் நிறுத்திக்கொண்டேன். "எழுத வேணாம்னா விட்டுடு அண்ணி" என்றேன். "அதுக்கில்ல. என்னப் பத்தி ஒண்ணுமே சொல்லாம போற நீ" என்றார்கள். "உன்னப் பத்தி இன்னா சொல்றது?" "எனக்குத் தெரியும்னு சொல்லு. நடந்துட்டு வந்த கால்ல கொப்புளத்துக்கு எண்ண தடவினது யாரு? நான். அந்தக் கடியாரத்துக்கு ஆணி அடிச்சது யாரு? அவருக்கு ஸ்டூல்மேல ஏறினா இளைக்கும். நான்தான் ஏறி அடிச்சேன். ஒவ்வொரு வாட்டியும் சாராயக்கட வர்றப்ப உள்ள போயி பாத்திரத்த உருட்டுவேன், என் காதுல உழக்கூடாதுன்னு. அதையும் எழுதட்டா?" "உன் இஷ்டம்" என்றேன். எழுதிவிட்டார்கள். உன் பெரியம்மா மேல் எனக்குக் கோபம் இருந்தது, ஜெரால்டு. இவ்வளவு எழுதிய பிறகு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை.

அண்ணனை நான் மன்னித்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். கோயிலில் முட்டி போடும்போது முயற்சி செய்கிறேன், நடுவில் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அவர் இல்லாமல் வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. ஏழு மணி ஆனால் காது அவர் குரலைத் தேடுகிறது. என்னை வளர்த்தவரும் அவர்தான், என்னை என் வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் நின்றுகொண்டவரும் அவர்தான். உன் மலரில் முதல் ஆளைப் பற்றி நிறைய எழுதிவிட்டாய். இரண்டாவது ஆளை எழுது என்று நான் கேட்கவில்லை. நீ உன் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறாய் என்று மருமகள் சொன்னாள். சொல், நன்றாகச் சொல். சிரிக்கிற கதைக்கு நடுவில் யார் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் ஒருதடவை பார்த்துக்கொள். நான் சிரித்தேன், சரி. உங்கம்மா ஒருநாளும் சிரித்ததில்லை. நீ அவளைப் பார்க்கவில்லை.

அந்த ஏழாம் பக்கத்தை என்ன செய்வது என்று கேட்பாய். கப்பலில் இறங்கியது நான் என்று போட வேண்டாம். எண்பது வயதை நெருங்கிவிட்டேன், கடிகாரம் மாட்ட எனக்கென்று ஒரு சுவரும் இல்லை. அண்ணன்தான் இறங்கினார் என்றே நீ போட்டாலும் போடு, அது உன் மனசாட்சி. ஆனால் மூன்று பேரும் பிழைத்தார்கள் என்று போடாதே. மூன்றாவதாய் மேலே வந்தவன் செத்துப்போனான். அவன் பேர் சவரி, ஊர் நெட்டுக்குப்பம். மூச்சடக்குவதில் என்னைவிடக் கெட்டிக்காரன், அதனால்தான் அவ்வளவு நேரம் கை அசைந்தது. அவனைப் பிழைக்கவைத்துவிட்டால் அவனுக்காக ஜெபம் சொல்ல ஓர் ஆள்கூட இருக்க மாட்டான். அந்த ஒரு வரியைப் போட்டால், 'தம்பியின் சாட்சி' என்கிற இடத்தில் இந்தக் கடிதத்தின் அடியில் இருக்கிற என் கைநாட்டைப் போட்டோ பிடித்துப் போட்டுக்கொள். போடாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடு, அதுவும் சாட்சிதான்.

அண்ணி மை டப்பாவை நீட்டுகிறார்கள். அந்தக் கைநாட்டை வைக்க மாட்டேன் என்றுதான் ஆரம்பித்தேன். மலருக்கு இல்லை, இந்தக் கடிதத்துக்கு வைக்கிறேன். இடது கட்டைவிரல். குறுக்கே ஒரு கோடு ஓடும். மை சரியாகப் படவில்லை என்று இந்தத் தடவையும் திருப்பி அனுப்பாதே, ஜெரால்டு. எத்தனை தடவை வைத்தாலும் அந்தக் கோடு இருக்கும்.